அம்பலம் ஏறாத சொல்: கோர்பச்சேவை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தமிழ் இடதுசாரிச் சூழலில் கோர்பச்சேவ் என்பது ஒரு மனிதரின் பெயராக இல்லாமல் போய் ரொம்ப நாளாகிறது. அது ஒரு வசைச்சொல். கட்சிக்குள் யாராவது சற்று வேறு மாதிரிப் பேசிவிட்டால் போதும், 'நம்மூர் கோர்பச்சேவ்' என்று கதையை முடித்துவிடலாம். கட்சிக்கு வெளியே, குறிப்பாக இலக்கிய வட்டாரத்தில், அதே பெயர் ஒரு அனுதாபச் சொல். இரும்புக் கோட்டையின் கதவைத் திறந்துவிட்டுத் தானும் தெருவில் நின்ற நல்ல மனுஷர். 2022 ஆகஸ்ட் 30ல் அவர் இறந்தபோது தமிழில் எழுதப்பட்டவற்றில் நான் படித்த பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத்தான் திருப்பிச் சொல்லின.

இந்த வாசிப்பு நமக்குப் புதுசில்லை. விபீஷணன் துரோகியா தருமவானா என்று காலங்காலமாகப் பட்டிமன்றம் நடத்திப் பழகியவர்கள் நாம். அந்தப் பட்டிமன்றத்தில் இரண்டு அணி உண்டு, நடுவர் உண்டு, கடைசியில் தீர்ப்பும் உண்டு. இலங்கையில் குடியிருந்த சனங்களுக்கு மட்டும் அதில் இடம் கிடையாது. அண்ணன் பக்கமா, ராமன் பக்கமா என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. கோர்பச்சேவை முன்வைத்து நடந்த விவாதங்களும் இப்படித்தான் ஒரு தலைவரின் குணச்சித்திரத்தைச் சுற்றியே ஓடித் தேய்ந்தன. துரோகியா? ஏமாளியா? சி.ஐ.ஏ. ஆளா? அவதாரமா?

சோவியத் யூனியன் கலைந்த பிறகு பள்ளிக்கூடம் போன தலைமுறை என்னுடையது. அந்த நாடு எங்களுக்குப் பழைய புத்தகக் கடையில் மலிவு விலைக்குக் கிடைத்த முன்னேற்றப் பதிப்பகத்துக் கெட்டி அட்டைப் புத்தகம். 'சோவியத் நாடு' இதழின் வழுவழுத் தாள். எனவே துரோகம் இழைக்கப்பட்ட காதலனின் கோபமோ, விடுதலையானவனின் பெருமூச்சோ எனக்குச் சாத்தியமில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியை ஒதுக்கிவைக்கிறேன். அவருடைய உள்நாட்டுக் கொள்கையும் வெளிநாட்டுக் கொள்கையும் சந்தித்துக்கொண்ட ஓர் இடம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருக்கிறது. அங்கே போய் நின்று இவ்விரண்டையும் வாசித்துப் பார்க்க முடியுமா என்பதே என் முயற்சி. அதற்கு முன்னால் ஒரு சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

கிளாஸ்நோஸ்த். தமிழில் இதை 'வெளிப்படைத்தன்மை' என்றும் 'ஒளிவுமறைவின்மை' என்றும் எழுதிப் பழகிவிட்டோம். இரண்டும் கண்ணைச் சார்ந்த சொற்கள். மறைந்திருந்தது தெரிகிறது, மூடியிருந்தது திறக்கிறது. ருஷ்யச் சொல்லின் வேரோ கண்ணில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. 'கோலஸ்' என்றால் குரல். அதன் பழைய ஸ்லாவிய வடிவம் 'கிளாஸ்'. ஆக, கிளாஸ்நோஸ்த் என்பது ஒரு விஷயம் குரல் பெற்ற நிலை, நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லப்படுகிற நிலை.

மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. மாஸ்கோப் பதிப்பகங்களுக்காக ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் நா. முகம்மது செரீபும் செய்துவைத்த வேலைதான் இன்றைக்கும் நம்மில் பலருக்கு ருஷ்ய இலக்கியம். ஆனால் ஒரு அரசியல் சொல்லைப் பெயர்க்கும்போது வேர் மாறினால் எழுவாயும் மாறிவிடுகிறது. 'வெளிப்படை' என்றால் வெளிப்படுத்துகிறவர் அரசு; மக்கள் பார்வையாளர்கள். 'குரல்' என்றால் பேசுகிறவர் மக்கள். கேட்டாக வேண்டியது அரசு. தமிழில் நாம் முதலாவதை மட்டுமே புரிந்துகொண்டோம்.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. கோயில் ஊர்க்காரர்களுக்குத் திரையின் அரசியல் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சன்னதியில் திரை போட்டு உள்ளே அலங்காரம் நடக்கும். திரை விலகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பார்க்க எல்லாருக்கும் அனுமதி உண்டு. எப்போது விலக்குவது, என்ன அலங்காரம் என்பதில் கூட்டத்துக்குச் சொல் கிடையாது. இது தரிசனம். கிளாஸ்நோஸ்த்தை நாம் தரிசனமாகவே மொழிபெயர்த்துக்கொண்டோம்.

அந்தச் சொல்லுக்கு நெருங்கிய தமிழ், நமது பழமொழிக்குள் கிடக்கிறது: 'ஏழை சொல் அம்பலம் ஏறாது.' அம்பலம் என்பது நாலு பேர் கூடி வழக்குப் பேசுகிற இடம். அங்கே ஏழையின் சொல் ஏறுமா ஏறாதா என்பதுதான் கிளாஸ்நோஸ்த் எழுப்புகிற கேள்வி. இதை நான் வலிந்து பொருத்தவில்லை. அந்தச் சொல்லின் வரலாறே நீதிமன்றத்தோடு சம்பந்தப்பட்டது. 1864ல் இரண்டாம் அலெக்சாந்தரின் நீதிச் சீர்திருத்தத்தின்போது, வழக்கு விசாரணை ஊரறிய நடக்க வேண்டும் என்ற பொருளில் அது புழங்கியது. நூறு வருஷம் கழித்து, 1965 டிசம்பர் 5ல், மாஸ்கோ புஷ்கின் சதுக்கத்தில் ஒரு சிறு கூட்டம் கூடியது. சின்யாவ்ஸ்கி, டேனியல் என்ற இரண்டு எழுத்தாளர்கள் கைதாகியிருந்தார்கள். அவர்கள் மீதான விசாரணைக்குக் கிளாஸ்நோஸ்த் வேண்டும் என்பது கூட்டத்தின் கோரிக்கை. அட்டைகளைத் தூக்கிப் பிடித்த சில நிமிஷங்களுக்குள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். 1966 பிப்ரவரியில் எழுத்தாளர்கள் இருவருக்கும் ஏழு வருஷம், ஐந்து வருஷம் என்று கடுங்காவல்.

அதாவது, கோர்பச்சேவ் பொதுச்செயலாளர் ஆவதற்கு இருபது வருஷம் முன்பே இந்தச் சொல் கீழேயிருந்து கேட்கப்பட்டுவிட்டது. கேட்டவர்களுக்குச் சிறை கிடைத்தது. பின்னால் மேலேயிருந்து கொடுத்தவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொடுத்தவரைப் பற்றி மட்டுமே தமிழில் விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

3

1985 மார்ச் 11ல் கோர்பச்சேவ் பொறுப்பேற்றார். முதல் இரண்டு வருஷம் பழைய பாணிதான். உற்பத்தியைத் துரிதப்படுத்தல், ஒழுங்கு, மதுவிலக்குப் பிரச்சாரம். அரசுச் சாராயத்தைக் குறைத்ததும் வரி வருமானம் விழுந்தது. சனங்கள் வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்து, கடையில் சர்க்கரை காணாமல் போச்சு. நம்மூர் மதுவிலக்குச் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

குரலின் கதை 1986 டிசம்பரில் தொடங்குகிறது. கார்க்கி நகரில் உள்நாட்டுக் கடத்தலில் வைக்கப்பட்டிருந்த விஞ்ஞானி சகாரவின் வீட்டுக்குத் திடீரென ஒரு தொலைபேசி கொண்டுவந்து வைத்தார்கள். மறுநாள் அதில் பேசியவர் கோர்பச்சேவ்: நீங்கள் மாஸ்கோவுக்குத் திரும்பலாம். 1988 பிப்ரவரியில், ஐம்பது வருஷம் முன்பு சுட்டுக் கொல்லப்பட்ட புகாரின் மீதான தீர்ப்பை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மே 25ல் மக்கள் பிரதிநிதிகள் பேராயம் கூடியது. அதன் விவாதங்கள் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயின. நாடே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. இதெல்லாம் சாதாரணம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு அந்த நாட்டின் முந்தைய அறுபது வருஷம் தெரியாது என்று அர்த்தம்.

ஆனால் அதே பேராயத்தின் கடைசி நாளில் சகாரவ் பேசிக்கொண்டிருக்கும்போது நேரம் முடிந்துவிட்டது என்று தலைமை இருக்கையிலிருந்து கோர்பச்சேவ் நிறுத்தச் சொன்னார், ஒலிபெருக்கி அணைந்தது. தொலைபேசியை வைத்தவரும் அவர்தான், ஒலிபெருக்கி அணைந்தபோது தலைமை இருக்கையில் இருந்தவரும் அவர்தான். இதை அவரது குணத்தின் முரண்பாடாக நான் காணவில்லை. மேலேயிருந்து கொடுக்கப்படுகிற குரலின் இலக்கணமே இப்படித்தான்: பொத்தான் கொடுத்தவர் கையில் இருக்கும்.

தொழிலாளர் விஷயத்தில் இது இன்னும் துலக்கம். 1987ல் கொண்டுவரப்பட்ட அரசுத் தொழிலகச் சட்டம் ஒரு காரியத்தைச் சொன்னது. ஆலையின் மேலாளரை அங்கே வேலை செய்கிறவர்களே தேர்ந்தெடுக்கலாம். உழைப்பாளர் குழுவுக்கு ஆலைக்குள் அதிகாரம் உண்டு. சோவியத் என்ற சொல்லுக்கே 'மன்றம்' என்றுதான் பொருள். 1917ன் அந்த முதல் அர்த்தம், எழுபது வருஷம் கழித்துச் சட்டத்தில் ஒரு வரியாகவாவது திரும்பியது. 1989 ஜூலையில் சைபீரியாவின் குஸ்பாஸ் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்து தோன்பாஸ் வரைக்கும் பரவியது. லட்சக்கணக்கான தொழிலாளர்கள். கோரிக்கைகளில் ஒன்று சோப்பு. சுரங்கத்திலிருந்து கரியோடு ஏறி வருகிறவனுக்குக் குளிக்கச் சோப்பு இல்லை. தொழிலாளி வர்க்கத்தின் அரசு என்று சொல்லிக்கொண்ட நாட்டில் இதை வாய்விட்டுச் சொல்ல ஒரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது.

அப்புறம் என்ன நடந்தது? 1990 ஜூனில் வந்த புதிய தொழிலகச் சட்டம், மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தொழிலாளர்களிடமிருந்து எடுத்துவிட்டது. சந்தைக்குப் போகிற வழியில் அது இடைஞ்சல். கோர்பச்சேவைத் துரோகி என்று சொல்லும் நமது தோழர்கள் செங்கொடி இறங்கியதற்காக அழுதிருக்கிறார்கள். பெர்லின் சுவருக்காகக்கூட வருத்தப்பட்டிருக்கிறார்கள். இந்தச் சட்டத் திருத்தத்துக்காக ஒருவர் வருந்தி எழுதியதை நான் தமிழில் படித்ததில்லை. துரோகம் என்ற சொல்லை எங்காவது பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் நான் இங்கே பயன்படுத்துவேன்.

பெரஸ்த்ரோய்க்கா என்ற மற்றொரு சொல், மறுகட்டுமானம். இதற்கும் நம் ஊரில் ஒரு முறைமை இருக்கிறது. கருவறையில் திருப்பணி என்றால் முதலில் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் ஆற்றலை ஒரு சிறு உருவில் இறக்கி, தற்காலிக இடத்தில் வைத்துப் பூசை நடத்திக்கொண்டே பழையதைப் பிரிப்பார்கள். பக்தி இருக்கட்டும், இதில் ஒரு நிர்வாக அறிவு இருக்கிறது. அதிகாரத்தை வேறிடத்தில் நிலைநிறுத்தாமல் அது இருந்த இடத்தை இடிக்கக் கூடாது. 1990 மார்ச்சில் கட்சியின் ஏகபோகத்தை உறுதிசெய்த அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு மாற்றப்பட்டது. கட்சியிடமிருந்து இறங்கிய அதிகாரம் எங்கே போய் உட்காரும்? ஆலைக் குழுக்களுக்கா? அவற்றைத்தான் மூன்று மாதத்தில் வெட்டிவிட்டார்களே. மக்கள் வாக்குக்கா? கோர்பச்சேவ் சனாதிபதியானது பேராயத்தின் வாக்கால். மக்களிடம் நேரடியாக அவர் ஓட்டுக் கேட்கவில்லை. 1991 ஜூனில் ருஷ்யக் குடியரசில் நேரடித் தேர்தலில் நின்று ஜெயித்தவர் எல்த்சின். ஆகஸ்ட் 19ல் பழைய கட்சிக்காரர்கள் ஆட்சியைக் கைப்பற்றப் பார்த்தபோது டாங்கி மேல் ஏறி நிற்கும் தகுதி யாருக்கு இருந்தது என்பது இதிலேயே அடங்கிவிட்டது. அந்தத் தகுதியை வைத்து எல்த்சின் பின்னால் செய்த நாசம் வேறு கதை.

விளிம்பில் இருந்த தேசிய இனங்களிடம் குரல் எப்படி எதிர்கொள்ளப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1989 ஏப்ரலில் திபிலிசி, 1990 ஜனவரியில் பாக்கூ, 1991 ஜனவரியில் வில்னியஸ். மூன்று ஊரிலும் சோவியத் ராணுவம் சோவியத் குடிமக்களைக் கொன்றது. வில்னியஸில் மோதல் நடந்த இடம் தொலைக்காட்சிக் கோபுரம். குரல் வெளியே போகிற கம்பம். தேசிய இனப் பிரச்சினையைப் பற்றி லெனின் முதல் இன்றுவரை மேற்கோள் காட்டுகிற நாம் இந்த மூன்று ஊர்களின் பெயரை எத்தனை முறை உச்சரித்திருக்கிறோம்?

4

இனி வெளிநாட்டுக் கொள்கை. இதில் அவருக்குரிய மரியாதையைக் குறைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. 1987 டிசம்பர் 8ல் ரீகனோடு கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி நடுத்தரத் தூர ஏவுகணைகள் என்ற ஒரு வகையே ஒழிக்கப்பட்டது. இரு தரப்பிலும் சேர்த்து 2,692 ஏவுகணைகள் உடைக்கப்பட்டன. 1989 பிப்ரவரி 15ல் கடைசிச் சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது. 1988 டிசம்பரில் ஐ.நா. சபையில் ஐந்து லட்சம் துருப்புகளைக் குறைப்பதாக அறிவித்தார். 1989ல் போலந்து, ஹங்கேரி, கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா என்று ஒவ்வொன்றாகக் கழன்றபோது 1956ஐயும் 1968ஐயும் போல டாங்கிகளை அனுப்பவில்லை. கையில் பெரும்படை இருந்தும் அதை அனுப்பாமல் இருந்தது வரலாற்றில் அடிக்கடி நடக்கிற காரியமா? 2019ல் அந்த ஏவுகணை ஒப்பந்தம் செத்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் ருஷ்யப் படை நுழைந்தது. இப்போது திரும்பிப் பார்க்கையில் அந்த நாலைந்து வருஷத்தின் எடை இன்னும் கூடித் தெரிகிறது.

இந்தியாவோடு அவருக்கு இரண்டு முக்கியமான கையெழுத்துகள் உண்டு. முதலாவது 1986 நவம்பர் 27, தில்லிப் பிரகடனம். அணு ஆயுதமற்ற, வன்முறையற்ற உலகுக்கான கோட்பாடுகள் என்று ராஜீவ் காந்தியும் அவரும் கையெழுத்திட்டார்கள். செர்னோபில் நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இரண்டாவது 1988 நவம்பர் 20. அதுவும் தில்லிதான், அதே இருவர்தான். ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டை இந்தியாவுக்குத் தரும் ஒப்பந்தம். இடம்: கூடங்குளம்.

5

கிளாஸ்நோஸ்த்தின் முதல் பெரிய தோல்வி செர்னோபில். 1986 ஏப்ரல் 26 விடிகாலையில் உலை வெடித்தது. ஸ்வீடனில் ஒரு அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு தென்பட்டு அவர்கள் கேள்வி கேட்ட பிறகே, 28ஆம் தேதி இரவு, தாஸ் நிறுவனம் நாலு வரி அறிவித்தது. மே 1 அன்று கீவ் நகரில் குழந்தைகளோடு மே தின ஊர்வலம் நடந்தது. கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் பேசியது மே 14. செர்னோபில்தான் தன் கண்ணைத் திறந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். அதை நம்புவதில் எனக்குத் தயக்கமில்லை.

செர்னோபில் சோவியத் மக்களின் தொண்டையையும் திறந்தது. 1988ல் கிராஸ்னதார் பகுதியில் கட்டத் தொடங்கியிருந்த அணுமின் நிலையம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதே வருஷம் செப்டம்பரில் லிதுவேனியாவின் இக்னாலினா நிலையத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் கை கோத்து நின்றார்கள். 1989ல் கிரீமியாவில் கட்டிக்கொண்டிருந்த நிலையமும் நின்றது. சோவியத் குடிமகன் 'எங்கள் ஊரில் உலை வேண்டாம்' என்றால் அது அம்பலம் ஏறிய காலம் அது. கிளாஸ்நோஸ்த் அதன் மெய்யான பொருளில் நடந்தது என்று சொல்லக்கூடிய சில தருணங்களில் இது ஒன்று.

இப்போது தேதிகளை அருகருகே வையுங்கள். எந்த வருஷம் கிராஸ்னதார் மக்களின் குரலால் அங்கே ஓர் அணுமின் நிலையம் நின்றதோ, அதே வருஷம் இரண்டு உலைகள் கூடங்குளத்துக்கு ஒப்பந்தமாயின. கிராஸ்னதாரில் கைவிடப்பட்டதும் கூடங்குளத்துக்கு வந்ததும் ஒரே வகைத் தொழில்நுட்பம், நீரழுத்த உலை. (செர்னோபில் உலை வேறு வகை. இதை மறைத்துவிட்டுக் கூடங்குளத்தில் செர்னோபில் உலையே வருகிறது என்று மேடையில் பேசுவது போராட்டத்துக்குத்தான் கேடு.) உலை ஏற்றுமதியானது; குரல் ஏற்றுமதியாகவில்லை. அங்கே உள்நாட்டுக் கொள்கை, இங்கே வெளிநாட்டுக் கொள்கை. அங்கே இருப்பது குடிமகன், இங்கே இருப்பது நட்பு நாட்டின் நிலப்பரப்பு.

உடனே ஒரு மறுப்பு வரும்: இந்திய மக்களைக் கேட்க வேண்டியது ராஜீவ் அரசுதானே, கோர்பச்சேவ் என்ன செய்வார்? சட்டப்படி இது சரி. இடிந்தகரை மீனவரிடம் பதில் சொல்ல வேண்டியவர் தில்லியிலும் சென்னையிலும்தான் இருந்தார். ஆனால் 'புதிய சிந்தனை' என்று தன் வெளியுறவுக்குப் பெயர் வைத்து, வர்க்க நலனைவிட மனிதகுல நலன் மேலானது, உலகம் ஒன்றையொன்று சார்ந்தது என்று 1987ல் ஒரு புத்தகமே எழுதியவரை அவருடைய அளவுகோலால்தானே அளக்க முடியும்? கதிர்வீச்சுக்கு எல்லை கிடையாது என்பதை உலகத்துக்கே கற்றுக்கொடுத்த நாடு அது. ஏவுகணை விஷயத்தில் மனிதகுலமாகத் தெரிந்தது, மின் உலை விஷயத்தில் வாடிக்கை நாடாகச் சுருங்கிவிட்டது.

1989 மே 1. தேசிய மீனவர் அமைப்பின் 'நீரைக் காப்போம், உயிரைக் காப்போம்' பயணம் கன்னியாகுமரியில் முடிந்த நாள். கூடங்குளம் வேண்டாம் என்ற கோஷமும் அங்கே எழுந்தது. போலீஸ் சுட்டது. கீவ் நகர மே தினத்தில் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. கன்னியாகுமரி மே தினத்தில் மக்கள் சொன்னது கேட்கப்படவில்லை. மூன்று வருஷ இடைவெளியில் நடந்த இந்த இரண்டு மே தினங்களுக்கும் நடுவில்தான் கிளாஸ்நோஸ்த் என்ற சொல் உலகமெல்லாம் சுற்றி வந்தது.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். சோவியத் யூனியன் கலைந்ததால் திட்டம் தூங்கியது. 1998ல் துணை ஒப்பந்தம். எரிந்த எரிபொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக இருந்த பழைய ஏற்பாடு மாறி, அது இங்கேயே தங்குவது என்றானது. 2002ல் கட்டுமானம் தொடங்கியது. 2011ல் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இடிந்தகரையில் உண்ணாவிரதம். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. 2012 செப்டம்பர் 10ல் கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் செத்தார். 2013ல் முதல் உலை மின்வலையில் இணைந்தது.

6

இந்த நாற்பது வருஷக் கதையைத் தமிழ் இடதுசாரி எழுத்து எப்படி வாசித்தது? சி.பி.ஐ. பெரஸ்த்ரோய்க்காவை வரவேற்றது. சி.பி.எம். விமர்சித்தது. எம்.எல். குழுக்களில் பலவற்றுக்குக் குருச்சேவ் காலத்திலேயே அந்த நாடு செத்துப்போயிருந்ததால், 1991 வெறும் கருமாதி. சோவியத் கலைந்து இரண்டு வாரம்கூட முழுதாக ஆகாத 1992 ஜனவரியில் சி.பி.எம்.மின் 14ஆம் அகில இந்திய மாநாடு சென்னையில் நடந்தது. அங்கே நிறைவேறிய தத்துவப் பிரச்சினைகள் குறித்த தீர்மானம் இன்றைக்கும் படிக்கத் தக்கது. சோசலிச ஜனநாயகத்தை ஆழப்படுத்தத் தவறியது, பொருளாதார நிர்வாகத்தை மாற்றத் தவறியது என்று பிழைகளைப் பட்டியல் போட்டது; கூடவே கோர்பச்சேவ் தலைமையின் திரிபுவாதத்தையும் சாடியது. ஓடி ஒளியாமல் பேச முயன்ற தீர்மானம் அது. ஆனால் அதிலும் ஜனநாயகம் என்பது கட்சி மக்களுக்குச் செய்யத் தவறிய ஒரு கடமையாகவே வருகிறது. மக்கள் கேட்டுச் சிறை போன ஒன்றாக வரவில்லை. அங்கேயும் எழுவாய் கட்சிதான்.

சிறுபத்திரிகைகளில் விவாதம் விரிந்தது. கோவை ஞானியின் 'நிகழ்', அ. மார்க்சும் ரவிக்குமாரும் பொ. வேல்சாமியும் நடத்திய 'நிறப்பிரிகை' ஆகியவை பெருங்கதையாடல்களின் சரிவை வைத்து நமது அடிப்படைகளையே கேள்வி கேட்டன. சாதியும் பாலினமும் உள்ளே வந்தது அந்த இடைவெளி வழியாகத்தான். 1999ல் ஜெயமோகனின் 'பின்தொடரும் நிழலின் குரல்' வந்தது. புகாரினைப் பற்றிக் கேள்வி கேட்டுக் கட்சி வரலாற்றிலிருந்தே அழிக்கப்பட்ட வீரபத்ரபிள்ளை என்ற பாத்திரமும், அவரைத் தேடிப் போகும் தொழிற்சங்கத் தலைவர் அருணாசலமும். மாஸ்கோவில் 1988ல் ஒரு தீர்ப்பு ரத்தானதன் எதிரொலி நாகர்கோவில் பக்கம் ஒரு நாவலாக முளைத்தது. கம்யூனிச எதிர்ப்பு நாவல் என்று நம் தோழர்கள் அதை ஒதுக்கினார்கள். தலைப்பில் 'குரல்' என்ற சொல் இருப்பதாலேயே நான் அதைக் கவனமாகப் படித்தேன். நாவலுக்கு உள்ளே அந்தக் குரல் ஒரு மனசாட்சியின் குரல். வரலாறு ஒரு தனிமனிதனின் அறச்சிக்கலாக அவனுக்குள் ஒடுங்குகிறது. பாதிப்புள்ள எழுத்துதான். ஆனால் சோப்புக் கேட்ட சுரங்கத் தொழிலாளி கேட்டது மனசாட்சியை அல்ல, ஆலைக் குழுவில் ஓட்டை. நாவலைத் திட்டியவர்களும் கொண்டாடியவர்களும் சேர்ந்தே இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டார்கள்.

எனக்குப் படிக்கக் கிடைத்தவரை, கோர்பச்சேவ் விவாதமும் கூடங்குளம் விவாதமும் தமிழில் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளவே இல்லை. சோவியத் பற்றிப் பேசினவர்கள் அதைத் தத்துவம் என்றார்கள். கூடங்குளம் பற்றிப் பேசினவர்கள் சுற்றுச்சூழல் என்றார்கள். சிறுபத்திரிகைக்காரர்கள் பலர் இடிந்தகரைக்குப் போனது உண்மை. பெரிய இடதுசாரிக் கட்சிகள் தடுமாறின. சி.பி.எம். தலைமை, பாதுகாப்பை ஆய்வு செய்துவிட்டு முதல் இரண்டு உலைகளை ஓட்டலாம் என்ற நிலையெடுத்தது. 2012 செப்டம்பரில் கேரளத்திலிருந்து வி.எஸ். அச்சுதானந்தன் இடிந்தகரைக்குக் கிளம்பியபோது எல்லையில் தமிழ்நாட்டுப் போலீஸ் மறித்தது; அவருடைய கட்சியும் அவர் செய்ததை ஏற்கவில்லை. அந்த உலை 'சோவியத் உதவி' என்ற பழைய நன்றியுணர்ச்சி எத்தனை பேரைத் தயங்க வைத்தது என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

எங்கள் ஊரில் ஒரு மூத்த தோழர் உண்டு. கலை இலக்கிய இரவுகளில் விடிய விடிய உட்கார்ந்து தலைமுறைகளை உருவாக்கியவர். இந்தப் பேச்சை எடுத்தால் அவருக்குப் பொறுக்காது. "அந்தாளு பேச்சை விடு தம்பி. வீட்டைச் சரி பண்றேன்னு சொல்லிட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டான். சீனாக்காரனைப் பாரு. மொதல்ல சோறு. அப்புறம்தான் பேச்சு."

இந்த வாதம் லேசுப்பட்டதில்லை. 1991க்குப் பிறகு ருஷ்யாவில் ஆயுள் குறைந்தது, ஓய்வூதியம் பொசுங்கியது; சீனாவில் கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து மேலே வந்தார்கள். ஆனால் அதே சீனாவில் 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கானோர் பட்டினியால் செத்ததும் உண்மை. விளைச்சல் அமோகம் என்று மேலே கணக்குப் போனது. சோறு இல்லை என்று சொல்லக் கீழே வாய் இல்லை. சோற்றுக்கும் பேச்சுக்கும் வரிசை போட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அவரிடம் இதைச் சொன்னேன். "அது சரிதான்" என்றார், கொஞ்ச நேரம் கழித்து. "ஆனா அதை நாமளே பேசிட்டா எதிரிக்கு வசதியாப் போயிடுமே." அவருடைய கட்சிப் பற்றின் மீது எனக்கு மரியாதை உண்டு. இருந்தும் கேட்கிறேன்: எதிரிக்கு வசதி என்று எண்ணி எண்ணி விழுங்கப்பட்ட சொற்களால்தானே 1991ல் அந்தக் கட்சியைக் காப்பாற்ற சுமார் ஒன்றரைக் கோடி உறுப்பினர்களில் தெருவுக்கு வர ஆள் இல்லாமல் போனது?

7

சீர்திருத்தத் தலைவர் ஒருவரை எப்படி அளப்பது என்பது பழைய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் நாளைக்கே ஏதோ ஒரு கட்சியில், ஏதோ ஒரு அரசில், இன்னொருவர் வந்து சன்னல்களைத் திறக்கத்தான் போகிறார். அப்போது துரோகியா மீட்பரா என்று மறுபடி அணி பிரிவதற்கு முன் மூன்று கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ளலாம். இவர் கொடுப்பதாகச் சொல்வதை இவருக்கு முன் கேட்டவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆனது? கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொத்தான் யார் கையில் இருக்கிறது? எல்லைக்கு உள்ளே மதிக்கப்படும் குரல் எல்லைக்கு வெளியேயும் மதிக்கப்படுகிறதா?

கோர்பச்சேவ் முதல் கேள்வியில் பாதி தேறுவார். சகாரவைத் திருப்பி அழைத்தாரே. இரண்டாவதில் 1990ன் ஆலைச் சட்டமும் வில்னியஸும் அவருக்கு எதிராக நிற்கின்றன. மூன்றாவதில் பெர்லின் அவருக்கு ஆதரவாகவும் கூடங்குளம் எதிராகவும் சாட்சி சொல்லும். இப்படி அளந்தால் அவர் நமது வசைச்சொல்லுக்கும் அடங்க மாட்டார், அனுதாபத்துக்கும் அடங்க மாட்டார்.

இதே கேள்விகள் நம் பக்கமும் திரும்பும். எங்கள் மாவட்டத்தில் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று உட்கார்ந்த விவசாயிகளில் ஏழு பேர் மீது 2023ல் குண்டர் சட்டம் போடப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அவர்களில் ஆறு பேர் மீதானது விலக்கப்பட்டது. சமூகநீதி அரசு என்று சொல்லிக்கொள்ளும் அரசிடமும் பொத்தான் அதன் கையில்தான் இருக்கிறது.

கட்சிப் பள்ளிகளில் சோவியத் வீழ்ச்சி பற்றி இன்னும் வகுப்பு நடக்கிறது. அந்த வகுப்பில் 1987ன் ஆலைச் சட்டத்தையும் 1988ன் கூடங்குளம் ஒப்பந்தத்தையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்பது என் யோசனை. படித்துவிட்டு இதை மறுக்கிறவர்கள் எழுதட்டும். இந்தப் பக்கங்களிலேயே விவாதிப்போம்.